மிச்ச இழுவை

ஸ்டாண்டர்ட் 2000 காரின் முன்சீட்டில் இடது பக்கம் உட்காருகிறவருக்கு நேர் எதிரே டாஷ்போர்டில் ஒரு காற்றுத் துளை இருக்கும். காற்று வருவதற்காகவே வைத்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். காரணம் வேறு. இந்தக் காரின் மூலமான ரோவர் எஸ்டி1, இங்கிலாந்துக்கு வலப்பக்க ஸ்டியரிங்கோடும் ஐரோப்பாவுக்கு இடப்பக்க ஸ்டியரிங்கோடும் போக வேண்டிய வண்டி. இரண்டுக்கும் தனித்தனி டாஷ்போர்டு வார்த்தால் செலவு. அதனால் இரு பக்கமும் ஒரே மாதிரி வார்த்துவிட்டு, மீட்டர்களை மட்டும் ஒரு பெட்டியில் அடைத்து மேலே உட்கார வைத்தார்கள். பெட்டியை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஸ்டியரிங் தண்டு நுழையும் துளை இரண்டு பக்கமும் உண்டு. ஒரு நாட்டில் தண்டு போகும் துளையில் இன்னொரு நாட்டில் காற்று வரும்.

1985-ல் மெட்ராஸில் தயாரான வண்டியிலும் அந்தத் துளை அப்படியே இருந்தது. தான் போகவே போகாத ஒரு நாட்டுக்கும் அதற்குள் இடம் இருந்தது. இதை முதலில் படித்த நாளில் வேறு எதுவும் படிக்க ஓடவில்லை.

*

பந்தயக் காரின் வேகமும் வீட்டுக் காரின் சொகுசும் கூடிய வண்டிகளை இத்தாலிக்காரர்கள் கிரான் டூரிஸ்மோ என்றார்கள். உலகம் அதைக் கிராண்ட் டூரிங் ஆக்கி, பிறகு ஜி.டி. என்று சுருக்கிவிட்டது. இரண்டு பேர், இரண்டு பெட்டி, ஒரு பகல் முழுக்கச் சாலை. சாயங்காலம் இறங்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்ளக் கூடாது. அவ்வளவுதான் இலக்கணம்.

இந்த வகையின் உச்சத்தில் பலரும் வைப்பது ஃபெராரி 365 ஜிடிபி/4. 1968 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சிக்கு வந்தது. முந்தைய வருஷம் அமெரிக்காவின் டேடோனா 24 மணிப் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் ஃபெராரி வண்டிகள் எடுத்திருந்ததால், கம்பெனி வைத்த பெயரை விட்டுவிட்டு ஜனங்கள் இதை டேடோனா என்றே கூப்பிட்டார்கள். பன்னிரண்டு சிலிண்டர், 4.4 லிட்டர், சுமார் 350 குதிரைசக்தி. உடலை வரைந்தவர் பினின்ஃபரினாவில் இருந்த லியோனார்டோ ஃபியோரவந்தி. 1971 நவம்பரில் டான் கர்னி, பிராக் யேட்ஸ் இருவரும் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் வரை ஒரு டேடோனாவில் 35 மணி 54 நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தார்கள். சட்டத்துக்கு அடங்காத ஓட்டம். வழியில் போலீசிடம் மாட்டிக்கொண்டதும் உண்டு. தூரம் 4,600 கிலோமீட்டர். ஸ்ரீநகரில் கிளம்பி 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் கன்னியாகுமரி வரை வந்தாலும் அவ்வளவு தூரம் வராது.

அந்த 44-ஆம் எண் சாலை, 3,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவந்து, கடல் தெரிவதற்கு நாற்பது கிலோமீட்டர் இருக்கும்போது எங்கள் வள்ளியூருக்குள் நுழையாமல் ஓரமாகப் போய்விடுகிறது. ஊருக்குள் இருப்பவனுக்கு நெடும்பயணம் என்பது ராத்திரியில் தூரத்தில் கேட்கும் டயர் சத்தம்தான். இந்தச் சாலையில் டேடோனா எதுவும் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் டேடோனாவின் ஜாடையுள்ள ஒரு வண்டி போயிருக்கிறது. அதை நம் ஆட்கள்தான் மெட்ராஸில் செய்தார்கள்.

*

ரோவரின் டேவிட் பாச் ஐந்து கதவுள்ள குடும்பக் கார் ஒன்றை வரைய உட்கார்ந்தபோது அவர் மனதில் டேடோனா இருந்தது. எஸ்டி1-ன் மூக்கைப் பார்த்தாலே தெரியும். நடுவில் பெரிய கிரில் கிடையாது. மெலிந்த, கூர்மையான முன்பக்கம். இரண்டு ஓரத்திலும் பக்கவாட்டுக்கு வளைந்து போகும் இண்டிகேட்டர். கதவுகளின் மேல் முன்னிருந்து பின்னுக்கு ஓடும் ஒரு பள்ளக் கோடு. டேடோனாவிலும் அந்தக் கோடு உண்டு. வெயில் சாய்ந்து அடிக்கும்போது கோட்டுக்கு மேலே வெளிச்சமும் கீழே நிழலுமாக வண்டி இன்னும் தாழ்ந்து தெரியும்.

1976-ல் வெளிவந்து, 1977-க்கான ஐரோப்பியச் சிறந்த கார் விருதை வாங்கியது. உள்ளே 3.5 லிட்டர், எட்டு சிலிண்டர், முழுக்க அலுமினிய இன்ஜின், 155 குதிரைசக்தி. அந்த இன்ஜினின் பிறந்த வீடு அமெரிக்காவின் பியூக். இத்தாலி முகத்தையும் அமெரிக்க இன்ஜினையும் இங்கிலாந்தில் பூட்டினார்கள். பூட்டிய விதத்தில் குறை இருந்தது என்று அந்த நாட்டுப் பத்திரிகைகளே எழுதின. ஆனால் நேர்ச்சாலையில் மணிக்கு 200 கிலோமீட்டர் போகும். இங்கிலாந்து போலீஸ் தங்கள் நெடுஞ்சாலை ரோந்துக்கு அதை வாங்கி ஓட்டியது.

இந்த உடல்தான், தயாரிக்கும் அச்சுகளோடு, மெட்ராஸுக்கு வந்தது. வண்டலூர்ப் பக்கத்தில் தொழிற்சாலை வைத்திருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனிக்கு இத்தாலி புதிதல்ல. 1961 முதல் அவர்கள் செய்த ஹெரால்டு காரின் முகமும் இத்தாலியின் ஜொவான்னி மிக்கெலோட்டி வரைந்ததுதான். இங்கிலாந்தின் டிரையம்ஃப் வழியாக மெட்ராஸ் வந்தது. அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் நடுவே ஒரு ஹெரால்டு நின்றால் டாக்டர் வீட்டு வண்டி என்று ஊகிப்பது அந்தக் காலத்துக் கணக்கு.

*

அதே காலத்தில் வந்த இன்னொரு பெரிய காரான கான்டெஸாவின் கதை இவ்வளவு வளைவு நெளிவு இல்லாதது. இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் கம்பெனி 1972-ல் கொண்டுவந்த விக்டர் வரிசை 1978-ல் நின்றுபோனது. அந்த அச்சுகளை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வாங்கி, கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1984-ல் கான்டெஸாவை இறக்கியது. வாக்ஸ்ஹால் இங்கிலாந்தில் இருந்தாலும் அன்றைய முதலாளி அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ். அந்த ஜாடை வண்டியில் இருக்கிறது. அகலமான முன்முகம், நீண்ட பேனட், பின்சக்கரத்துக்கு மேலே லேசாகப் புடைத்து எழும் இடுப்பு. டெட்ராய்ட்டில் பெரிய பெரிய வண்டிகளுக்கு வரைந்ததை நம் ஊர் சந்துக்குச் சுருக்கித் தந்த மாதிரி.

ஆக, இரண்டும் இங்கிலாந்து வண்டிகள். ஆனால் இங்கிலாந்தைப் பார்த்து வரைந்தவை அல்ல. ஒன்று இத்தாலியைப் பார்த்தது, மற்றது அமெரிக்காவை. இரண்டு நாட்டு வண்டிகளை ஒப்பிட வேண்டுமானால் தொழிற்சாலை இருந்த நாட்டை வைத்து ஒப்பிடுவதைவிட வரைந்தவன் பார்த்துக்கொண்டிருந்த திசையை வைத்து ஒப்பிடுவது சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

*

வள்ளியூரில் ரயில்வே ஸ்டேஷன் போகும் வழியில் ஒரு பழைய ஷெட்டில் ஒரு கான்டெஸா நிற்கிறது. வெள்ளை. சொந்தக்காரர் வெளியூர். மெக்கானிக் அண்ணாச்சி அவ்வப்போது ஸ்டார்ட் பண்ணி வைப்பார். பேனட்டைத் தூக்கி அதற்கென்று உள்ள கம்பியில் நிறுத்திவிட்டு, ஒரு கையை ரேடியேட்டர் மேல் வைத்து, மற்ற கையால் ஆக்ஸிலேட்டர் கேபிளை லேசாக இழுத்து விடுவார். இன்ஜின் ஏறி இறங்கும். காது கொடுத்துக் கேட்பார். முகத்தில் ஒன்றும் தெரியாது.

"இது இசுசு தானே அண்ணாச்சி?" என்றேன்.

"ஆமா தம்பி. 1.8. முந்தி வந்ததுல அம்பாசிடர் இன்ஜினை மாட்டி விட்டிருந்தான். சட்டைய மாத்திட்டா ஆளு மாறிருவானா?"

அதுதான் நடந்தது. 1984-ன் கான்டெஸாவில் இருந்தது அம்பாசிடரின் 1,489 சிசி இன்ஜின். ஐம்பது சொச்சம் குதிரைசக்தி. அம்பாசிடரைவிட நீளமான, அகலமான, கனமான உடலை அது இழுக்க வேண்டும். மேடு வந்தால் ஏசியை அணைத்துவிட்டு ஏறியதைப் பழைய டிரைவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சில வருஷம் கழித்து, எண்பதுகளின் பின்பாதியில், ஜப்பானின் இசுசு கம்பெனியின் 1.8 லிட்டர் இன்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் வந்தன. 88 குதிரைசக்தி. அதே உடல்தான். ஆனால் ஓட்டுகிறவன் உட்காரும் விதமே மாறிப்போயிற்று என்பார் அண்ணாச்சி. முன்னால் குனிந்து ஓட்டினவன் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தான்.

ஷெட் கான்டெஸாவின் கதவை மூடிப் பார்த்தேன். கனமான கதவு, கையை எடுத்த பிறகும் கொஞ்ச தூரம் தன் கனத்திலேயே போய் மூடிக்கொள்கிறது. கதவின் அடி விளிம்பில் துரு பிடித்து, விரலால் அழுத்தினால் பெயின்ட் பொருக்காக உதிர்கிறது. கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் காய்ந்து கல்லாகிவிட்டது. பின்சீட்டில் வெள்ளைத் துணி உறை. யாரோ மடித்து வைத்த ஒரு கல்யாண மாலையின் நார் மட்டும் பின்கண்ணாடி ஓரம் கிடந்தது.

*

நாலுவழிச் சாலை வருமுன் நாங்குநேரிக்கும் வள்ளியூருக்கும் நடுவே எதிரும் புதிருமாக இரண்டு வண்டி போக மட்டுமே அகலம். முன்னால் ஒரு லாரி, அதன் பின்னால் கரும்புகை, அதற்குப் பின்னால் நாம். டிரைவர் ஹாரன் அடித்து வலப்பக்கம் எட்டிப் பார்ப்பார். எதிரே தூரத்தில் ஒரு புள்ளி வந்துகொண்டிருக்கும். மூன்றாவது கியருக்கு இறக்கி மிதித்தால், வண்டி முன்னே பாயும், அல்லது உறுமும். வெறும் உறுமல் என்றால் மறுபடி லாரிக்குப் பின்னால் ஒதுங்க வேண்டியதுதான். பேச்சு நின்றுவிடும். அம்மாமார் முன்சீட்டை இறுகப் பிடித்துக்கொள்வார்கள்.

வெல்வெட் சீட்டும் ஏசியும் பவர் ஜன்னலும் சொகுசு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் சொகுசை நான் அந்த நாலைந்து நொடியில் வைத்துத்தான் அளக்கிறேன். லாரியைத் தாண்ட எவ்வளவு சக்தி வேண்டுமோ அதற்கு மேலும் கொஞ்சம் இன்ஜினில் இருக்கிறது, அதை எடுக்கவே வேண்டியதில்லை என்ற நினைப்பு பின்சீட்டில் இருப்பவர் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அவருக்கு இன்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் முன்சீட்டைப் பிடிக்க மாட்டார். டேடோனாவின் 350 குதிரைகளில் பெரும்பாதி எந்த நாளும் வேலை செய்திருக்காது. அவை சும்மா இருந்ததற்குத்தான் அந்த விலை.

இந்த மிச்சத்துக்கு மெக்கானிக் ஷெட்டுகளில் சொல்வது, "இழுவை இருக்கு."

*

ஸ்டாண்டர்ட் 2000-க்கு வருகிறேன். ரோவரின் எட்டு சிலிண்டர் இன்ஜின் வரவில்லை. அந்தக் காலத்து ரோவரின் மற்ற புது இன்ஜின்களும் வரவில்லை. கம்பெனியிடம் கைவசம் இருந்தது ஸ்டாண்டர்ட் வேன்களுக்காகச் செய்துகொண்டிருந்த பழைய நாலு சிலிண்டர் இன்ஜின். 1,991 சிசி, 83 குதிரைசக்தி. இங்கிலாந்தில் 155 குதிரை இழுத்த அதே உடலை மெட்ராஸில் 83 இழுக்க வேண்டும். கழித்துப் பார்த்தால் 72. நான் மேலே மிச்சம் என்று சொன்னது அந்த எழுபத்திரண்டைத்தான்.

ஆனால் அந்தப் பழைய இன்ஜினை ஏளனமாகப் பேச எனக்கு மனம் வராது. அதன் குலம் பெரியது. உலகப் போர் முடிந்த கையோடு, ஸ்டாண்டர்ட் வான்கார்டு காருக்கும் ஃபெர்குசன் டிராக்டருக்கும் சேர்த்தே உருவான குடும்பம் அது. அதே குடும்பத்து 1,991 சிசி இன்ஜின் டிரையம்ஃப் டிஆர்2 என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடியது. சிலிண்டர் லைனர்கள் தனித்தனியாகக் கழற்றி மாட்டும்படி அமைந்தவை. குளிர்விக்கும் தண்ணீர் நேரடியாக லைனரைத் தொட்டுக்கொண்டு ஓடும். தேய்ந்தால் பிளாக்கைத் தூக்கி லேத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். வயல் வரப்பில் வைத்தே லைனரை உருவிப் புதிது இறக்கிவிடலாம். மெதுவாக, விடாமல், பாரம் இழுப்பதற்கென்று பிறந்த இன்ஜின்.

அதை ஃபெராரி ஜாடையுள்ள ஓர் உடலுக்குள் வைத்தார்கள். நம் சாலைக்காக உடலையும் கொஞ்சம் உயர்த்தினார்கள். தாழ்ந்து படுத்திருக்க வேண்டிய வண்டி எழுந்து நின்றுவிட்டது. விலையும் அதிகம், பெட்ரோலும் அதிகம். 1988-ல் நின்றது. மூன்றே வருஷம்.

*

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை வள்ளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காயப் போட்ட வேட்டி பக்கத்துத் தெருவில் கிடக்கும். காவல்கிணறு தாண்டி முப்பந்தல் பக்கம் போனால் காற்றாலைகளுக்கு நடுவே ஸ்டியரிங்கைக் காற்றின் பக்கம் லேசாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டும்.

ரோவரின் உடலைக் காற்றுக்கு வழிவிடும்படி வரைந்திருந்தார்கள்; சாய்ந்த முன்கண்ணாடி, பின்னால் வழிந்து இறங்கும் கூரை. கான்டெஸா காற்றை மார்பில் வாங்கும். வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு அதன் வர்க்கத்தில் ஏறும். அறுபதில் தெரியாத வித்தியாசம் நூற்றிருபதில் இன்ஜினை நெரிக்கும். அப்படியானால் குறைந்த சக்தியிலும் ஸ்டாண்டர்ட் 2000 நன்றாகப் போயிருக்க வேண்டாமா? நூற்றிருபதை எட்டி அங்கேயே நிற்க முடிந்த வண்டிக்குத்தான் வடிவம் உதவும். அன்று ஏழாம் எண்ணாக இருந்த இதே நெடுஞ்சாலையில், மாட்டு வண்டிக்கும் டவுன் பஸ்ஸுக்கும் பின்னால், அறுபதிலிருந்து இருபதுக்கும் இருபதிலிருந்து அறுபதுக்கும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே கனம்தான் கணக்கு. பினின்ஃபரினாவின் கோட்டைக் காற்று படித்துப் பார்க்கவே வாய்ப்பு வரவில்லை.

*

1985 ஒரு விசித்திரமான வருஷம். மாருதி 800 ஓட ஆரம்பித்து ஒன்றரை வருஷமாகியிருந்தது. அதற்குள் ஜப்பான் இன்ஜின் என்றால் காலையில் ஒரே சாவியில் கிளம்பும் என்பது வீட்டுப் பெண்களுக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது. அதே 1985-ல் பம்பாயின் பிரீமியர் கம்பெனி 118 என்இ-யைக் கொண்டுவந்தது. உடல் இத்தாலியின் பழைய ஃபியட் 124. இன்ஜின் ஜப்பானின் நிசான். கான்டெஸாவுக்கு இசுசு. வெளிநாட்டுப் பழைய உடலோடு வந்த மூன்று வண்டிகளில் ஜப்பானிடம் போன இரண்டும் புது நூற்றாண்டு வரை தாக்குப் பிடித்தன. கான்டெஸா 2002-ல்தான் நின்றது. மூன்றிலும் அழகானது எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், அது மூன்று வருஷத்தில் போய்ச் சேர்ந்தது.

உடலை விலைக்கு வாங்கிவிடலாம். அச்சு, தகடு, வரைபடம் எல்லாம் கப்பலில் வரும். இன்ஜின் அப்படி வருவதில்லை. அதைத் தருகிறவனுக்குத் தர மனம் வேண்டும், வாங்குகிறவனுக்கு அதைக் கற்றுக்கொள்ளும் பொறுமை வேண்டும்.

இந்த வரியை எழுதும்போது ஜன்னலில் மகேந்திரகிரி தெரிகிறது. அதன் அடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். ராக்கெட் இன்ஜின்களைத் தரையில் கட்டி வைத்து எரித்துப் பார்க்கும் இடம். விகாஸ் இன்ஜின் பிரான்சின் வைகிங் இன்ஜினிலிருந்து வந்தது. 1974-ல் போட்ட ஒப்பந்தத்துக்கு இந்தியா பணமாக ஈடு கட்டவில்லை. நம் பொறியாளர்கள் பிரான்சுக்குப் போய் அவர்களுக்காக உழைத்துக் கொடுத்தார்கள். உழைத்த கையோடு கற்றுக்கொண்டு வந்தார்கள். இந்தியர்கள் செய்த இன்ஜின் பிரான்சின் வெர்னானில் எரிந்து காட்டியது 1985-ல். கிரையோஜெனிக் இன்ஜின் இன்னும் கடினம். தொழில்நுட்பத்தைத் தருவதாகச் சொன்ன ரஷ்யா, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அமெரிக்க நெருக்கடியில் பின்வாங்கி, செய்து முடித்த இன்ஜின்களை மட்டும் விற்றது. சொந்த இன்ஜினோடு ஜிஎஸ்எல்வி-டி5 ஏறியது 2014 ஜனவரி 5-ல். இருபது வருஷம் ஆகியிருந்தது.

கார்க்காரர்களையும் ராக்கெட்காரர்களையும் ஒரே தராசில் வைப்பது நியாயம் இல்லைதான். ஒருவருக்கு அரசாங்கம் பின்னால் நின்றது. மற்றவருக்கு லைசென்ஸும் கோட்டாவும் எதிரே நின்றன. ஆனாலும் அந்த ஒரே வருஷம் என்னை விடவில்லை.

*

மலையடிவாரத்தில் கொஞ்சம் வடமேற்கே போனால் திருக்குறுங்குடி. அழகிய நம்பி கோயில் ஊர். டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1877-ல் பிறந்தது அங்கேதான். மதுரையில் பஸ் ஓட்டத் தொடங்கி, ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்கும் பெரிய வியாபாரமாக வளர்த்தார். உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது கரி எரித்து வரும் வாயுவில் பஸ்களை ஓட்ட டி.வி.எஸ். கருவி செய்து கொடுத்தது. பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு போன காலத்தில் மிச்ச இழுவை பற்றி யார் கவலைப்பட்டிருப்பார்கள்? போய்ச் சேர்ந்தால் சரி. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் காரைப் பிளஷர் என்றே சொல்லிக்கொண்டிருந்ததும் அந்தக் காலத்துப் பழக்கம்தான். பஸ்ஸில் ஏறினவர்களுக்கு வேலை, காரில் ஏறினவர்களுக்குக் கல்யாணம்.

*

பழைய வண்டிகளைச் சேர்ப்பவர்கள் எதைச் சேர்க்கிறார்கள்?

2017 செப்டம்பரில் ஃபெராரியின் ஊரான மரனெல்லோவில் ஒரு டேடோனா ஏலம் போனது. சாலையில் ஓட்டுவதற்கென்று அலுமினிய உடலில் செய்த ஒரே டேடோனா. ஜப்பானில் ஒரு கொட்டகையில் பல பத்தாண்டுகள் கிடந்தது. ஏல மேடைக்கு அதைக் கழுவாமல் கொண்டுவந்தார்கள். பேனட்டில் தூசி, கண்ணாடியில் தூசி, சீட்டில் தூசி. சுமார் 18 லட்சம் யூரோவுக்குப் போனது. துடைத்திருந்தால் விலை குறைந்திருக்கும் என்பது அந்த உலகத்துக் கணக்கு.

வள்ளியூர் ஷெட்டில் நிற்கும் கான்டெஸாவின் தூசியை அண்ணாச்சி மஞ்சள் துணியால் தட்டிவிடுகிறார். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

நம் நாட்டில் 2021-ல் பழம்பெரும் வாகனங்களுக்கென்று விதி வந்தது. முதல் பதிவு முடிந்து ஐம்பது வருஷம் ஆகியிருக்க வேண்டும். புது நம்பர் பிளேட்டில் விஏ என்ற எழுத்து வரும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் அனுமதி இல்லை. அந்தக் கணக்கில் 1984-ன் கான்டெஸாவுக்கு 2034 வரையும், 1985-ன் ஸ்டாண்டர்டுக்கு 2035 வரையும் பொறுக்க வேண்டும். அதுவரை அவை வெறும் பழைய வண்டி. எஃப்.சி., பசுமை வரி, ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல். காயலான் கடைக்காரர் எடை போட்டுச் சொல்லும் விலையும் சேர்ப்பவர் சொல்லும் விலையும் ஒரே வண்டிக்கு ஒரே நாளில் கிடைக்கும் காலம் இது.

கான்டெஸாவுக்கு இப்போது இளைஞர்கள் மத்தியில் மவுசு. உடலை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே வேறு பெரிய இன்ஜினை இறக்குகிறவர்களும் உண்டு. அண்ணாச்சிக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. "உடம்பு தாங்கும்" என்கிறார். ஸ்டாண்டர்ட் 2000 தென்படுவதே அபூர்வம்.

இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் எதன் முன்னால் நாற்காலி போட்டு உட்காருவேன் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சாயங்கால வெயில் அந்தக் கதவுக் கோட்டில் விழ வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு அவசரமாகச் சென்னை போக வேண்டும், சாவியை எடு என்றால் கை இசுசு கான்டெஸாவுக்குத்தான் போகும். அப்போது அதன் முகம் யார் ஜாடை என்று பார்க்க மாட்டேன்.

*

2006-ல் ஸ்டாண்டர்ட் கம்பெனியின் மிச்ச சொச்சம் ஏலத்துக்கு வந்தது. கிட்டங்கியில் கிடந்த உதிரிபாகங்களை, இங்கிலாந்தில் பழைய ரோவர் சாமான்கள் விற்கும் ரிம்மர் பிரதர்ஸ் வாங்கிக்கொண்டு போனது. அச்சு அங்கிருந்து இங்கே வந்தது. அந்த அச்சில் மெட்ராஸில் அடித்த தகடு இங்கிருந்து அங்கே போயிற்று. ரோவர் வைத்திருக்கும் யாரோ ஓர் ஆங்கிலேயர் வண்டலூர்ப் பக்கத்தில் பிறந்த சாமானை மாட்டிக்கொண்டு ஓட்டலாம். இங்கே ஸ்டாண்டர்ட் 2000 வைத்திருப்பவருக்கு ஒரு விளக்கு உடைந்தால் அவர் இங்கிலாந்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். நம் ஆட்கள் செய்த சாமானுக்கு நாமே கஸ்டம்ஸ் கட்டி இறக்க வேண்டும்.

இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"கதவு, பேனட்டு சரி தம்பி. அதை டிங்கர்ட்ட குடுத்தா இங்கனயே அடிச்சிருவான். முன்கண்ணாடி இருக்கான்னு கேளுங்க. இருந்தா, கப்பல்ல உடையாம வருமான்னும் கேளுங்க."